வாகனும் மாற்றுச் சில்லும்

மோட்டார் வண்டியின் சில்லைக் குறித்து எழுதுதற்குத் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கராகிய எமக்கு யாது உரிமை என இம்மலரைப் புரட்டும் அன்பர் வினவுதல் கூடும். வினா நியாயமானதே. இயந்திரத் தொழிற்கூடத்தில் யாம் ஒருநாளேனும் இருந்து பயின்றதில்லை. ஆயினும் சென்ற மார்கழி விடுமுறையில், எம் சிற்றப்பாவின் கொரோலா ஸ்ரேசன் வாகன் வவுனியாவினின்று யாழ்ப்பாணம் நோக்கி வருகையில், பரந்தனைக் கடந்து ஆனையிறவை அணுகும் வேளை, முன்புற இடச்சில்லு உடுக்கடிப்பது போல ஒலியெழுப்பக் கேட்டு இறங்கினோம். நான்கு நட்டுகளில் இரண்டைக் காணோம். மூன்றாவது, தொட்ட அளவில் எம் விரலோடு சுழன்று வந்தது. வண்டியினுள் எழுவர் இருந்தோம். அவருள் இருவர் பள்ளிக்குச் செல்லாக் குழந்தைகள். (ஐவர்க்கென அமைந்த வண்டியில் எழுவர் ஏறியது தனிக் குற்றம், அதனை மறைத்தற்கில்லை.) அச்சில்லுகள் பழுதுபட்ட பழஞ் சில்லுகள் அல்ல. வாங்கிப் பூட்டி மூன்று கிழமையும் ஆகாத, வெள்ளிபோல் மின்னும் அலோய்ச் சில்லுகள். அன்று தெருவோரத்தில் நின்று பெற்ற அச்சமே இக்கட்டுரைக்கு எமக்குள்ள உரிமை.

இந்நாட்டிற் சிறிய ஸ்ரேசன் வாகனுக்குள்ள மதிப்பு வேறெவ்வகைக் காருக்கும் இல்லையெனலாம். காலையிற் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும். பகலிற் சுன்னாகச் சந்தைக்கு வெங்காய மூடை சுமக்கும். மாலையிற் கலியாண வீட்டுக்குக் கதிரையும் கிடாரமும் கொண்டு போகும். மேலும், 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தத் தேவைக்கான கார்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே. இடைப்பட்ட காலத்திற் பழைய கொரோலாக்களை விற்றார் சிலர். விடாது பழுதுபார்த்து ஓட்டினார் பலர். பழையதை ஓட்டுவார்க்குச் சில்லு மாற்றும் நாள் என்றேனும் ஒருநாள் வந்தே தீரும். உப்புக் காற்றில் இரும்பு துருவேறும். குழியில் வீழ்ந்து சில்லின் விளிம்பு நெளியும். அன்றி, அயல்வீட்டான் காரைக் கண்டு நமக்கும் அழகின்மேல் ஆசை பிறக்கும். எம் சிற்றப்பாவிற்கு நேர்ந்தது இம்மூன்றாவது.

அவர் சில்லு வாங்கிய நாளில் யாமும் உடனிருந்தோம். கடைக்காரர் இன்சொல்லினர். "அண்ணை, நாலு ஓட்டையும் உங்கடை காருக்கு அப்பிடியே இருக்கும், வேறென்ன வேணும்?" என்றார். சிற்றப்பா எம்மை நோக்கினார். யாம் சில்லின் பளபளப்பை நோக்கினோம். விலை முடிந்தது. மணமக்களுக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் ஊரிலே, எழுவர் உயிரைத் தாங்கும் சில்லுக்கு ஒரே பொருத்தம் பார்த்து ஒப்பினோம். எம் குடும்பத்திற் சாதகம் பார்ப்பார் இலர் என்பது உண்மை. அதற்காகச் சில்லிலும் பார்க்காது விடலாமென்பது பெறப்படாது.

பழந்தமிழர் வண்டிச் சில்லின் உறுப்புகளுக்குப் பெயரிட்டபோது, அச்சுச் செருகும் நடுக்கட்டையைக் குறடு என்றனர். அதிலிருந்து புறப்படும் கால்களை ஆர் என்றனர். அவற்றைச் சூழ்ந்த விளிம்பு வட்டையைச் சூட்டு என்றனர். தச்சன் சில்லைச் செய்வதும் நடுவிலிருந்து புறம்நோக்கியே. நாமோ மாற்றுச் சில்லைத் தெரியும்போது புறத்திலிருந்து தொடங்குகிறோம்: முதலில் நிறம், பின்பு ஆர்களின் வடிவம், பின்பு எத்தனை அங்குலம் என்பது, குறடு பொருந்துமா என்பதோ கடையின் தலைவாயிலைத் தாண்டும்போதும் நினைவுக்கு வருவதில்லை. குறட்டிலிருந்து தொடங்கிச் சூட்டில் முடிப்பதே சில்லுத் தெரியும் முறை என்பது எமது துணிபு.

குறட்டின் முதற் பொருத்தம் ஆணிவட்டம். கராஜ்களில் இதனைப் 'பீ.சீ.டி.' என்பர். நான்கு ஆணிகளின் நடுப்புள்ளிகளையும் தொட்டுச் செல்லும் வட்டத்தின் விட்டம் எத்துணையோ அத்துணையே ஆணிவட்டம். நான்கு ஆணிச் சில்லாயின், எதிரெதிர் நிற்கும் இரு ஆணிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தாற் போதும். நான்கு ஓட்டையுள்ள சில்லுகளெல்லாம் ஓரினத்தன அல்ல. பியற் கார்களிற் பல 98 மில்லிமீற்றர். பெஜோக்களிற் பல 108. ஒரே பெயருடைய வண்டியிலும் இது மாறும். 1979இல் வெளிவந்த நான்காந் தலைமுறைக் கொரோலா பின்சில்லு இழுவையுடையது. அதன் ஆணிவட்டம் 114.3 மில்லிமீற்றர், அஃதாவது நாலரை அங்குலம். 1983இல் வந்த ஐந்தாந் தலைமுறையிற் பெரும்பாலானவை முன்சில்லு இழுவைக்கு மாறின. அவற்றில் ஆணிவட்டம் 100. ஆனால் வாகன் உடலமைப்பு மட்டும் பழைய பின்சில்லு இழுவையோடே மேலும் சில ஆண்டு வெளிவந்தமையால், 'எண்பத்தைந்தாம் ஆண்டுக் கொரோலா' என்று சொல்லிச் சில்லு கேட்பார் இரண்டிலொன்றைப் பெறக்கூடும். ஆண்டைச் சொல்லாதீர், அளவைச் சொல்லுக.

பெரும் வேறுபாட்டிலும் சிறு வேறுபாடே கொடியது. 100க்கும் 114.3க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியும். சில்லு ஏறவே ஏறாது. காசு மாத்திரமே நட்டம். யாழ்ப்பாணத்தார் இன்றும் பேணும் மொரிஸ் மைனரின் ஆணிவட்டமோ நான்கு அங்குலம், அஃதாவது 101.6 மில்லிமீற்றர். அதன்மேல் 100 மில்லிமீற்றர்ச் சில்லைச் சற்றே நெருக்கி ஏற்றிவிடலாம் என்று பெருமை பேசுவாரைக் கண்டிருக்கிறோம். ஏறும், ஏறுவதே கேடு. ஆணி ஒவ்வொன்றும் சிறிது வளைந்தபடியே இறுகும்; நட்டு தன் இருப்பிடத்தில் நேராக அமராது; வளைந்து நிற்கும் இரும்பு நாள்தோறும் சுழன்று களைத்து என்றோ ஒருநாள் முறியும்.

இரண்டாவது, நடுத்துளை. சில்லின் நடுவேயுள்ள துளை, அச்சின் குடத்திலுள்ள வட்ட மேட்டின்மேல் இடைவெளியின்றி அமர வேண்டும். அவ்வாறு அமர்ந்தாற் சில்லின் நடுவும் அச்சின் நடுவும் ஒன்றாகும். ரொயோட்டாவின் சிறு கார்களில் இவ்வளவு 54.1 மில்லிமீற்றர், ஹொண்டாவின் சிறு கார்களில் 56.1. இரண்டிற்கும் ஆணிவட்டம் 100ஆக இருத்தலால் ஒன்றன் சில்லை மற்றொன்றுக்கு மாற்றுவார் உளர். ரொயோட்டாச் சில்லு ஹொண்டாவில் ஏறாது. ஹொண்டாச் சில்லு ரொயோட்டாவில் ஏறும், ஆனால் சுற்றிலும் ஒரு மில்லிமீற்றர் இடம் விடும். எந்தக் காருக்கும் ஆகட்டுமெனப் பொதுவாக வார்க்கப்படும் அலோய்ச் சில்லுகளில் நடுத்துளை 73.1 மில்லிமீற்றர் வரை அகன்றிருப்பது வழக்கம். எம் சிற்றப்பாவின் சில்லுகள் அத்தகையன. 54.1இன்மேல் 73.1ஐ மாட்டினாற் பக்கத்துக்கு ஒன்பதரை மில்லிமீற்றர் வெறுவெளி. இதனை நிரப்புதற்கென்றே நடுவளையம் என ஒன்று விற்கப்படுகிறது. நாலு வளையத்தின் விலை ஒரு சில்லின் விலைக்கு அருகிலும் வாராது. எமக்கு அதைத் தருவார் இல்லை; கேட்க எமக்கும் தெரியவில்லை. வளையமின்றி மாட்டிய சில்லு எண்பது கிலோமீற்றர் வேகத்திற் கைப்பிடி வட்டத்தை நடுங்கச் செய்தது. சிற்றப்பா தெருவைக் குறைகூறினார்.

மூன்றாவது, நட்டு. இதனைக் குறித்து மிக எழுத விழைகிறோம். ஏனெனில் எம்மை ஆனையிறவில் நிறுத்தியது இதுவே. நட்டுக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று ஆணியின் புரியைப் பற்றும். மற்றொன்று சில்லின் மேல் அமரும். புரியளவு ரொயோட்டா, ஹொண்டா, மிற்சுபிசி, மஸ்தா ஆகியவற்றின் சிறு கார்களில் 12 மில்லிமீற்றர் தடிப்பும் 1.5 இடைவெளியும், நிசான், சுசுக்கி, சுபாரு ஆகியவற்றில் 12 தடிப்பும் 1.25 இடைவெளியும். இதை மாற்றிப் பூட்டினால் இரண்டு சுற்றிலேயே புரி நெரிந்து அறிவித்துவிடும்; நல்ல பகை போல வெளிப்படையாய் எதிர்க்கும். அமரும் முகத்தின் பொருந்தாமையோ நண்பனைப்போற் சிரித்து நிற்கும். இரும்புச் சில்லுக்கும் பொதுவாக வார்த்த அலோய்ச் சில்லுக்கும் வேண்டுவது கூம்பு முகமுடைய நட்டு. ஹொண்டா தன் சில்லுகளுக்கு வைத்திருப்பது பந்துபோற் குவிந்த முகமுடையது. ரொயோட்டாவின் தொழிற்சாலை அலோய்ச் சில்லுகளிற் பல, தட்டையான வளையத்தோடு நீண்ட கழுத்துடைய நட்டை வேண்டுவன. கடையில் எமக்குப் 'புதிசாக் கிடக்கட்டும்' என்று இனாமாகக் கொடுத்த மின்னும் நட்டுகள் பந்து முகத்தன. சில்லின் குழிகளோ கூம்பு வடிவின. புரி ஒத்தமையால் அவை இனிதே ஏறின. இறுகின போலத் தோன்றின. கூம்புக் குழிக்குள் பந்து தொடுவது முழுப் பரப்பையும் அன்று. ஒரு மெல்லிய கோட்டை மாத்திரமே. கோட்டளவிற் பற்றிய பற்று, நடுவளையமும் இல்லாத சில்லின் நடுக்கத்தை எத்தனை நாளைக்குத் தாங்கும்? மூன்று கிழமை தாங்கியது.

இவ்விடத்து ஒன்று கூறுவோம். சில்லு பூட்டிய பின் ஐம்பது முதல் நூறு கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மறுமுறை இறுக்கிப் பார்த்தல் வேண்டும். ரொயோட்டாவின் சிறு கார்களுக்கு விதித்த முறுக்களவு 103 நியூற்றன் மீற்றர். அதனைக் காட்டும் சாவி நல்ல கராஜ்களில் உண்டு. காற்றுத் துப்பாக்கியால் 'டுர்' என்று இறுக்கி விடுவது அளவன்று. அது சில வேளை குறையும், பல வேளை மிகும். மிகினும் ஆணி நீண்டு கெடும்.

இனி ஆர்ப்பகுதி. இதில் அறியவேண்டுவது, கடைகளில் 'ஓப்செற்' என வழங்குவது. சில்லின் அகலத்தை நேர்பாதியாக வகுக்கும் கோடு ஒன்றை மனத்திற் கொள்க. குடத்தோடு ஒட்டும் தட்டு அக்கோட்டினின்று எத்துணை வெளிப்புறம் தள்ளி நிற்கிறதோ அத்தூரமே ஓப்செற். முன்சில்லு இழுவைச் சிறு கார்களில் இது பெரும்பாலும் 35க்கும் 45க்கும் இடைப்பட்ட மில்லிமீற்றர். சில்லின் உட்புறத்தே 'ஈ.ரீ.' என்னும் எழுத்துகளோடு பொறிக்கப்பட்டிருக்கும். எண் குறையுந்தோறும் சில்லு வெளியே துருத்தும். எம் வாகனிலே இருந்த பழைய இரும்புச் சில்லு ஐந்து அங்குல அகலம். ஓப்செற்றை 40 எனக் கொள்வோம். புதியது ஏழு அங்குல அகலம், ஓப்செற் 25. அகலம் இரண்டு அங்குலம் கூடியதால் பக்கத்துக்கு 25.4 மில்லிமீற்றர் வளர்ந்தது; ஓப்செற் குறைந்ததால் முழுச்சில்லும் 15 மில்லிமீற்றர் வெளியே நகர்ந்தது. ஆக, வெளிவிளிம்பு 40 மில்லிமீற்றர் புறத்தே வந்துவிட்டது. வெறுமையாய் நிற்கும் வாகனிற் பார்க்க இது கம்பீரமே. ஏனைய கார்களினின்று வாகனை வேறுபடுத்துவது அதன் பின்பாரம். நான்கு மூடை வெங்காயத்தைப் பின்னே ஏற்றுங்கள். வண்டியின் பின்புறம் தாழும். சில்லு மேற்கவசத்தின் விளிம்பு ரயரின் தோளிலே கத்தி வைத்தாற்போல அமரும். எம் பின்ரயர் இரண்டிலும் வெளித்தோளில் விரல் நுழையும் வெட்டு இருந்ததைப் பின்னரே கண்டோம். அஃதேயன்றி, சில்லு புறத்தே நகர நகர அச்சின் பேரிங்குகள் தாங்கும் வளைவுச் சுமையும் மிகும். ஆகவே கார் விற்பவர் வெறும் வண்டியில் மாட்டிக் காட்டும் காட்சியை நம்பற்க. சுமையேற்றிப் பார்த்தே ஒப்புக்கொள்க.

கடைசியிற் சூடு, சூட்டைப் போர்த்த ரயரும் அதனோடு சேரும். இங்கேதான் 'எத்தனை அங்குலம்' என்னும் வினாவுக்கு இடமுண்டு. எம் வாகனுக்கு உரிய ரயர் 155/80 ஆர் 13. முதலெண் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. மூன்றாவது சில்லின் விட்டம், அங்குலத்தில். கணித்தால் முழு உருளையின் விட்டம் 578 மில்லிமீற்றர். சில்லைப் பெரிதாக்கின் பக்கச்சுவரைக் குறைத்து இம்முழு விட்டத்தை மாறாது காத்தல் வேண்டும். அல்லாக்கால் வேகமானி பொய்யுரைக்கும். எமக்குக் கிடைத்தது 195/55 ஆர் 15. அதன் விட்டம் 595½. நூற்றுக்கு மூன்று மிகை. மானி எழுபது காட்டியபோது யாம் எழுபத்திரண்டில் ஓடினோம். அதுவே 195/50 ஆர் 15 ஆயின் 576, பழுதில்லை. ஓரெண் வேறுபாடு.

அகன்ற ரயர் மிகுந்த பாரம் தாங்குமென்னும் நம்பிக்கை எங்கும் உண்டு. அது மெய்யன்று. ரயரின் பக்கத்தே அளவையடுத்துப் பொறித்திருக்கும் பாரவெண்ணே அதன் வலிமையைச் சொல்லும். 155/80 ஆர் 13க்குரிய எண் 79. ரயர் ஒன்றுக்கு 437 கிலோகிராம். 195/45 ஆர் 16 பலவற்றில் எண் 80, 450 கிலோகிராம். நாற்பது மில்லிமீற்றர் அகன்று, மூன்று அங்குலம் சில்லைப் பெருக்கி, நாம் பெறும் மிகைப் பாரம் பதின்மூன்று கிலோகிராம். வெங்காயம் அரை மூடையும் இல்லை. இழப்பதோ பெரிது: முன்னதன் பக்கச்சுவர் 124 மில்லிமீற்றர் உயரம், பின்னதன் சுவர் 88. அவ்வுயரமே குழியின் அடியைச் சில்லுக்கு எட்டாமற் காப்பது. மாரியில் நீர் நிரம்பிய குழியின் ஆழத்தை யார் அறிவார்?

அலோய்ச் சில்லென்றாலே வீண் ஆடம்பரம் என்று கூறும் பெரியோரோடும் யாம் உடன்பட்டிலேம். நன்கு செய்த அலோய்ச் சில்லு பலவேளை இரும்பினும் பாரங் குறைந்தது. அதனால் எஞ்சினுக்கும் ஊசலுக்கும் இலகு. உப்புக் காற்றிலும் இரும்பைப்போல் உதிராது. ஆனால் அடிபட்ட இரும்பு நெளியும், நெளிவு கண்ணுக்குத் தெரியும், தட்டி நிமிர்த்தலாம். அலோய் பிளக்கும், பிளவை ஒட்டிப் பூசி மினுக்கினால் வாங்குவானுக்குத் தெரியாது. பழைய அலோய் வாங்குவோர் ரயரைக் கழற்றுவித்து, உட்புறத்தைக் கழுவுவித்து, வெயிலிற் பிடித்துப் பார்த்தல் வேண்டும். வெளிமுகத்தின் பூச்சு எத்துணைப் புதியதோ அத்துணை ஐயமும் கொள்க. அதற்குக் கடைக்காரர் முகஞ் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம். ஒட்டு வேலை செய்த அலோயினும் துருப்பிடியாத பழைய இரும்புச் சில்லு நூறு மடங்கு மேல் என்பதிற் சிற்றப்பாவும் இப்பொழுது எம்மோடு ஒருமிக்கிறார். சென்ற கார்த்திகையில் ஒருமித்திலர்.

அன்று ஆனையிறவில் எம்மைக் காத்தவர், ஏனைய மூன்று சில்லிலிருந்தும் ஒவ்வொரு நட்டைக் கழற்றி நான்காவதிற் பூட்டி, முப்பது கிலோமீற்றர் வேகத்தில் ஊர் சேர்க எனப் பணித்த ஒரு லொறிச் சாரதி. கொடிகாமத்தில் ஒரு கராஜில், வயது முதிர்ந்த மேசன் ஒருவர் (மோட்டார் வேலை செய்பவரையும் அவ்வூரார் அப்படித்தான் அழைக்கின்றனர், காரணம் கேட்டிலோம்) எமக்கு மேற்சொன்னவற்றிற் பாதியை அரைமணி நேரத்தில், கழற்றிய நட்டைக் கையில் உருட்டிக்கொண்டே கற்பித்தார். மீதியை யாம் அளந்தும் கணித்தும் அறிந்தோம்.

பின்னர் யாம் தேடித் தெரிந்தது பதினான்கு அங்குலச் சில்லு, அகலம் ஐந்தரை, ஓப்செற் 38, நடுத்துளை 54.1, வளையமே வேண்டாதது. கூம்பு முக நட்டு. அதற்கு ரயர் 185/60 ஆர் 14. முழு விட்டம் 577.6 மில்லிமீற்றர், பழையதினின்று அரை மில்லிமீற்றர்தான் வேறுபாடு. பாரவெண் 82, ஒன்றுக்கு 475 கிலோகிராம். பக்கச்சுவர் 111, குழிக்கு ஈடுகொடுக்கும். பார்வைக்கு எளியது, தெருவிற் போவார் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1300 சீ.சீ. எஞ்சின் மட்டுமே கொண்டு சுமைதூக்கும் வாகனுக்கு ஓரங்குல ஏற்றத்துக்கு மேல் வேண்டாமென்பது எமது கருத்து. பதினாறு அங்குலம் விரும்பும் தோழர் மறுப்பெழுதின் அடுத்த ஆண்டு மலரில் அதனைப் படிக்க ஆவலாயுள்ளோம்.

கழற்றிய நான்கு அலோய்களும் சிற்றப்பா வீட்டுக் கோடியிற் பலாமரத்தடியில், சாக்கால் மூடிக் கிடக்கின்றன. இதுவரை இருவர் விலை கேட்டு வந்தனர். இருவரையும் அவர் முதலில் வினாவியது, அவர்தம் கார்களின் ஆணிவட்டம் எத்தனை, நடுத்துளை எத்தனை என்பது. இருவரும் அளந்துவரப் போயினர், இன்னும் திரும்பிலர்.